ஊசி பட்ட படிகம்

வேலையை விட்டுப் போகிறவர்கள் தங்கள் சோதனைத் தட்டுகளைத் தாங்களே குப்பையில் போட்டுவிட்டுப் போவது அந்த ஆய்வகத்தின் வழக்கம். கதிரேசன் தன் தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தான். கடைசித் தட்டை மட்டும் அவனுக்கு மூத்தவளான ஜெசிந்தா மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். தட்டின் ஓரத்தில் இருந்த புரதக் கரைசல் சொட்டு ஒன்றில் ஒரே ஒரு படிகம் மினுங்கியது.

படிகமானால்தான் எக்ஸ்ரே பாய்ச்சி ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிக்க முடியும். அவனுடைய புரதமோ வருஷக்கணக்காகப் படிகமாகாமல் அவனை அலைக்கழித்து, கடைசியில் ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்லவைத்திருந்தது. உப்பும் இப்படித்தான் மினுங்கும். பலமுறை அவனை ஏமாற்றியிருக்கிறது. இன்னொரு தடவை அவனுக்கு ஆசைகாட்ட ஜெசிந்தாவுக்கு மனம் வரவில்லை. முதலில் தானே பார்த்துவிடலாம் என்று ஊசியை எடுத்தாள். உப்பென்றால் ஊசிக்கு அசையாமல் கல்லாக நிற்கும்; புரதமென்றால் தொட்டதுமே உதிர்ந்துவிடும்.

அவள் அழுத்தக்கூட இல்லை. தேநீரில் நனைத்த பிஸ்கட்டைப் போல அது சத்தமில்லாமல் உதிர்ந்து சொட்டில் கரைந்தது.

"என்னக்கா, உப்புதானே?" தன் சாமான் பெட்டியை இடுப்பில் இடுக்கியபடி கதிரேசன் பக்கத்தில் வந்து நின்றான்.

"உப்புதான்டா."

"நல்லவேளை. வேற ஏதாவதுன்னா நான் போயிருக்கவே மாட்டேன்." சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். "குடுங்க, அதையும் போட்டுடறேன்."

அவன் தட்டைப் பிடித்து இழுத்தான். அவள் விரல்கள் விடவில்லை.