ஊரைக் கூப்பிடும் குழாய்

கார் பட்டறைக்காரர் மூன்று சைலன்சர் குழாய்த் துண்டுகளை மேஜை மேல் வரிசையாக வைத்தார்.

“இது சாதா இரும்பு, சீக்கிரம் துருப்பிடிக்கும். இது கனமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பத்து வருஷம் உழைக்கும், சத்தமும் அடக்கமா இருக்கும். உங்க காருக்கு இதுதாம்மா சரி.”

“மூணாவது?” என்று கேட்டாள் காரைக் கொண்டுவந்திருந்த நர்ஸ். வேலை முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.

“மெல்லிசான டைட்டானியம். ரேஸ் பைத்தியங்க வாங்குறது. ஊரையே கூப்பிடும்.”

“அதையே போடுங்கண்ணே. சைலன்சர் டப்பாவும் இருக்கறதுலயே சின்னதா வைங்க.”

அவருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

“ஏம்மா, நோயாளிகளைப் பாத்துக்கற நீயே இப்படிக் கேக்கலாமா? எங்க தெருவுலயும் ஒருத்தன் இப்படித்தான் வண்டியை அலற விட்டுட்டுப் போறான். என் பேத்தி தூக்கத்துல பதறி எழுந்து அழுவுது. பந்தா காட்ட உனக்கு வேற எதுவும் கிடைக்கலையா?”

“பந்தாவா?” அவள் மேஜையில் ஓங்கி அறைந்த வேகத்தில் குழாய்கள் உருண்டு தரையில் விழுந்தன.

“என் கார் வர்ற சத்தம் கேட்டாத்தான் எங்கப்பா அம்மாவை அடிக்கறதை நிறுத்துறாரு. இப்ப இருக்கற சைலன்சர் வாசலுக்கு வந்தப்புறம்தான் கேக்குது. மெயின் ரோட்டுல திரும்பறப்பவே கேட்டா, அம்மாவுக்கு ரெண்டு நிமிஷ அடியாவது குறையும்ல?”