தெரியா டீச்சர்

இலங்கையின் மிக நீளமான ஆறு எது என்று முனவ்வறா டீச்சர் இரண்டாவது தடவையாகக் கேட்டாள்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். பெட்டிக்குள் கைவிட்டு எடுத்த கடைசிச் சீட்டில் அதுதான் இருந்தது.

சீட்டை விரித்து இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் வாசித்தாள். காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இரண்டு அணியும் சமமாக நின்றன. முறை சொறிக்கல்முனைக்கு. அணிக்காகப் பதில் சொல்ல வேண்டிய ஸ்ரெல்லா நடுவில் இருந்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியா டீச்சர்."

கேள்வி உள்ளூர்ச் சாய்ந்தமருதுப் பிள்ளைகளுக்குப் போனது. மகாவலி கங்கை என்று மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். மண்டபம் கைதட்டியது.

முனவ்வறா கதிரையில் உட்கார்ந்தாள். இந்தப் போட்டியைத் தொடங்க அலைந்த அலைச்சல் எல்லாம் அப்போதுதான் காலுக்கு இறங்கியது.

போன சித்திரைக் கலவரத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரு கூரைக்குக் கீழே இருந்ததில்லை. ஒரு பொது அறிவுப் போட்டியாவது வைப்போம் என்று ஊர் ஊராகப் போய் அதிபர்களைக் கெஞ்சினாள். சிலர் பார்ப்போம் என்றார்கள். சிலர் தேநீர் கொடுத்துக் கதையை மாற்றினார்கள். தமிழ்ப் பாடசாலைகளில் வரச் சம்மதித்தவர் சொறிக்கல்முனை இராசதுரை மாஸ்டர் ஒருவர்தான்.

காலையில் அவர் பிள்ளைகளோடு பஸ்ஸை விட்டு இறங்கியதும், வாசலில் நின்ற சாய்ந்தமருது முஸ்லிம் இளைஞர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் உள்ளே வந்து பின்சுவரோரம் நின்றார்கள். கதிரைகள் காலியாக இருந்தும் உட்காரவில்லை.

முதல் சுற்றில் ஸ்ரெல்லா கேள்வி முடியுமுன்னே பதில் சொன்னாள். பின்சுவரோரம் முணுமுணுப்பு எழுந்தது. பிறகு என்னவோ, அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே வரவில்லை.

பரிசு கொடுத்து முடிந்து கூட்டம் கலைந்தது. இளைஞர்களும் சிரித்துப் பேசிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார்கள்.

சொறிக்கல்முனைப் பிள்ளைகள் பஸ்ஸுக்காக வீதியோரம் நின்றார்கள். முனவ்வறா அவர்களிடம் போனாள். மகாவலியை இனி மறக்க வேண்டாம், அடுத்த வருடம் பார்ப்போம் என்று ஸ்ரெல்லாவின் தலையைத் தடவிச் சொன்னாள்.

சிறுமி மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் குரலைத் தாழ்த்தி, தான் தவறவிட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். ஒன்றிலும் பிழையில்லை.

"முதல்ல மறந்துபோய்ச் சொல்லிட்டன் டீச்சர். வெல்லாம பத்திரமா வந்து சேர் எண்டுதான் அப்பா அனுப்பினவர்."

பிள்ளையிடம் இப்படியும் சொல்லி அனுப்புவார்களா என்று மாஸ்டரிடம் கேட்க வாயெடுத்தாள் முனவ்வறா. கேட்கவில்லை.

பஸ் வந்தது. பிள்ளைகள் ஏறினார்கள். ஸ்ரெல்லா யன்னலால் கை காட்டினாள்.

அன்று அதிகாலை சுபஹ் தொழுதுவிட்டுக் கையேந்தியபோது முனவ்வறாவும் அதையேதான் கேட்டிருந்தாள். போட்டி நல்லபடியாக நடக்க வேண்டும், சொறிக்கல்முனை மட்டும் வென்றுவிடக் கூடாது என்று.