சாயங்காலச் சவாரி

"கரியாஹாட் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கப் போற வண்டிக்கு ரேஸ் ஸ்ப்ரிங் எதுக்கும்மா?"

கிரிதர் கேட்டது டாலிகஞ்ச் ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்டது. அவன் அம்மா விஜயா பழைய ஃபியட்டிலிருந்து கழற்றி வைத்திருந்த வால்வு ஸ்ப்ரிங்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்று இரண்டாக உடைந்திருந்தது.

மெக்கானிக் கௌசிக் துணியில் கையைத் துடைத்தபடி கிரிதரிடம் திரும்பினான். "காலேஜில் படிக்கிறப்போ நீங்க ஆசையா மாட்டின கேம்ஷாஃப்ட்தானே இது? வால்வை ரொம்பத் தூக்குது. சாதா ஸ்ப்ரிங் போட்டால் சுருளோடு சுருள் முட்டி இப்படித்தான் உடையும்."

"அப்போ அதைக் கடாசிட்டு பழைய கம்பெனி கேமையே மாட்டு. செலவும் கம்மி, அந்த லொடலொட சத்தமும் ஒழியும்," என்றான் கிரிதர்.

"நானும் அதைத்தான் சொன்னேன். வண்டி பூனை மாதிரிப் போகும், மாஷிமா," என்றான் கௌசிக், வங்காளிகள் பெரியம்மாவை அழைக்கும் முறையில்.

"பூனையெல்லாம் வேண்டாம்ப்பா," என்றாள் விஜயா. "இருக்கிற கேமே இருக்கட்டும். ஆனா ரேஸ் ஸ்ப்ரிங் எங்க பென்ஷனுக்குக் கட்டாது. வேற வழி சொல்லு."

கௌசிக் யோசித்தான். "ஒரு டீசல் வேன் ஸ்ப்ரிங் இருக்கு. பாதி விலைகூட ஆகாது. அழுத்திப் பார்த்துட்டேன், முழுசாத் தூக்கினாலும் முட்டலை. வண்டியை மட்டும் விரட்டாதீங்க."

"நான் எங்கே விரட்டறேன்? சாயங்காலம் ஒரு சுத்து, அவ்வளவுதான். சத்தம் மாறாதே?"

"மாறாது."

"அதையே போடு."

கிரிதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாபகம் அழிந்துபோன அப்பாவை ஆயாவிடம் விட்டுவிட்டு தினமும் கார் சவாரி. அதுவும் சத்தத்தோடு.

"உனக்கே நல்லா இருக்காம்மா?"

"இரண்டு வருஷம் கழிச்சு வந்திருக்கே. நாளைக்கு அப்பா பக்கத்தில் இரு. நான் வண்டியை எடுத்துட்டு வந்துடறேன்."

மறுநாள் சாயங்காலம். டாக்குரியா வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார் அப்பா சுந்தரராஜன். கிரிதர் புனேயிலிருந்து வந்த நாளாக அவனை அவர் தன் பழைய துறைமுக ஆபீஸ் ஆள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எந்த செக்‌ஷன், சார்?"

"நான் கிரிப்பா."

"அப்படியா," என்று மரியாதையாகத் தலையாட்டினார்.

காலேஜ் நாட்களில் அந்தக் கார் சத்தத்துக்காக அப்பா அவனைத் திட்டாத நாளில்லை. 'நீ வர்றதுக்கு முன்னாடி தெருமுனையிலேயே மானம் போகுதுடா, கிரி.' அந்தத் திட்டு இன்னொரு தடவை கிடைக்காதா என்றிருந்தது கிரிதருக்கு.

ஆயா தீப்தி சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்தாள். சுந்தரராஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கார் ரிப்பேர் ஆனதிலிருந்து இப்படித்தான்," என்றாள் தீப்தி. "பாதி நாள் பட்டினி."

கிரிதர் ஒரு வாய் பிசைந்து நீட்டினான். அப்பா அவன் கையை மெல்ல விலக்கினார்.

அப்போது தெருமுனையில் ஃபியட் திரும்பியது. லொட... லொடலொட... லொட.

சுந்தரராஜன் நிமிர்ந்தார். தட்டைத் தானே மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார்.

"சார், அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவிடுங்க. எங்க கிரி வந்துட்டான்."