ஏழாவது ஆள்

"போன மாசம் ஏழு பேர்னு சொன்னீங்க சார். இந்த மாசம்?"

"ஆறு" என்று உறுமியது மறுமுனை.

அவளுக்கு ஆச்சரியமே இல்லை. கட்டட வடிவமைப்பு அலுவலகம் நடத்தும் அந்த இன்ஜினியருக்கு அவள் வைத்திருக்கும் பெயர் இடிமுழக்கம்.

மாநிலத்தில் யாருக்கு எங்கே வேலை கூடுகிறது, எங்கே குறைகிறது என்று கணக்கெடுக்கும் அலுவலகம் அவளுடையது. இன்ஜினியர்கள், ஆடிட்டர்கள், வரைபட நிறுவனங்கள் எல்லாம் அவள் பங்கு. மாதாமாதம் போன் போட்டு, உங்களிடம் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

யாருக்கும் பிடி கொடுக்காதவர்கள்கூட அவளிடம் சொல்லிவிடுவார்கள். அக்கா கேட்டால் கல்லும் கணக்குச் சொல்லும் என்பது பக்கத்து மேசைப் பேச்சு. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்தால் என்ன?

இந்த வருஷம் அவள் பார்க்கும் துறையில் வேலை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. ஆள் கிடைக்கவில்லை என்றுதான் எல்லா முதலாளிகளும் அழுகிறார்கள்.

வீட்டுக்குப் போனால் கதை வேறு. "வேலை எங்கடி இருக்கு?" என்பார் கணவர்.

அவர் டிராஃப்ட்ஸ்மேன். கட்டட வரைபடம் அவர் கையில் அப்படி நிற்கும். அவருடைய நிறுவனம் அந்த வேலையை எங்கோ மலிவாகச் செய்பவர்களிடம் தள்ளிவிட்டு அவரை அனுப்பிவிட்டது. முதலில் நாலு இடம் ஏறி இறங்கினார். பிறகு ஏறுவதையே விட்டுவிட்டார். இப்போது போன் அடித்தாலே பால்கனிக்குப் போய் நின்றுகொள்கிறார்.

அவள் திட்டுவாள். காலையில் ஒரு தவணை, ராத்திரி ஒரு தவணை. திட்டித் தீர்த்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுவாள். அந்த மனிதர் இப்படியே சுருங்கிப்போய்விடுவாரோ என்பதுதான் அவள் பயம்.

எண்ணிக்கை மாறினால் காரணம் கேட்பது முறை. கேட்டாள்.

"புதுசா வந்த டிராஃப்ட்ஸ்மேன் ஓடிட்டான். வேறென்ன?"

அதுவும் புதிதல்ல. ஆறு, ஏழு, ஆறு, ஏழு. அந்த ஏழாவது ஆள் ஒரு மாதத்துக்கு மேல் அங்கே நின்றதே கிடையாது. பக்கத்துத் தெருவில் கூப்பிட்டு வேலை கொடுக்கும்போது இவர் கத்தலைக் கேட்க யாருக்குத் தலையெழுத்து?

ஆறு என்று பதிவு செய்தாள். நன்றி சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது அலுவலக விதி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் அதை மீறியதில்லை.

அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்?

"சார், நல்ல டிராஃப்ட்ஸ்மேன் ஒருத்தர் இருக்கார். அனுப்பவா?"

"வரும்போது எல்லாரும் நல்லவன்தான். நான் ரெண்டு சத்தம் போட்டா நிப்பானா?"

"பத்தொன்பது வருஷமா என்கூடக் குடும்பம் நடத்துறார் சார்."

அவசரப்பட்டு வாயைவிட்டுக் கணவர் மானத்தையும் வாங்கிவிட்டோமோ என்று அவளுக்குத் திக்கென்றது.

பிறகு, கரகரவென்று ஒரு சத்தம். இடிமுழக்கம் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா. திங்கக்கிழமை வரட்டும். அந்த ஆறை அடிச்சிட்டு ஏழுன்னு போட்டுக்கோ."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கணக்கென்று வந்துவிட்டால் அவளுக்குப் பெற்ற தாயும் ஒன்றுதான், பிள்ளையும் ஒன்றுதான்.

"அதெப்படி சார் போட முடியும்? சேராத ஆளை எந்த ஊர்ல எண்ணுவாங்க? ஆறுன்னா ஆறுதான். இவ்வளவு நாளா பதில் சொல்றீங்க, இதுகூடத் தெரியாதா? முதல்ல அவர் வந்து உக்காரட்டும், அப்புறம் சொல்லுங்க ஏழுன்னு!"

சிரிப்பு சட்டென்று நின்றது.

"பாவம்மா அந்த மனுஷன்" என்றார் இடிமுழக்கம். அவர் குரல் இவ்வளவு தணிந்து அவள் கேட்டதே இல்லை. "திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு? இன்னைக்கே வரச்சொல்லிடு."