கருப்பனிடம் கொடுத்தது

"இந்தா கருப்பா, எடுத்துக்க. என்னால தாங்க முடியல. இல்லீன்னா அந்தப் பச்சப் புள்ளய ஏதாச்சும் பண்ணிருவேன்."

பனிமூட்டத்துக்குள்ளிருந்து வந்த குரல் ஆயா மருதாயியுடையது. மத்தியானம் குழந்தைக்குப் பால் கொடுக்க எஸ்டேட் காப்பகத்துக்கு வந்த ஸ்டெல்லா, அப்படியே நின்றுவிட்டாள்.

எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் மாதையன் போன வாரமே சொன்னார்.

"ஏனுங்க, புள்ளைங்க அழுதா அந்த ஆயா கருப்பன் சாமிக் கல்லுகிட்டப் போறா. திரும்பி வாரப்ப சிரிச்சுட்டே வாரா. என்னத்தக் குடுக்கறாளோ, ஆரு கண்டா."

ஸ்டெல்லா அப்போது நம்பவில்லை. இப்போது குரல் வந்த பக்கம் ஓடினாள்.

முந்தின நாள் சாயங்காலம் ஆபீசில் மானேஜர், அவள் டைப் அடித்த தாளை அவள் முகத்திலேயே எறிந்திருந்தார். அதற்குக்கூட மனசுக்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லி, "சரிங்க சார்" என்று சிரித்தவள் அவள். கான்வென்ட் பழக்கம்.

கல் கறுப்பாக, ஆள் குந்தியிருப்பது போலத் தெரிந்தது. அதன் முன் மருதாயி. மடி காலி.

"மனுவேல் எங்கே? என் பிள்ளையை யாருக்குக் கொடுத்தே?"

மருதாயி திரும்பினாள். அதே சிரிப்பு.

"தொட்டல்ல தூங்கறானுங்க, கூட வேல பாக்கற பூவாயி பாத்துக்கறா. புள்ளயக் குடுப்பாங்களா ஆராச்சும்? நானு எம்பட கோவத்தயில்லீங்க குடுத்தேன்."

"கோபத்தையா?"

"எல்லாம் ஒண்ணாக் கத்துதுங்க. மேஸ்திரி வேற வஞ்சுட்டுப் போறாரு. கை துறுதுறுங்குது. அத இங்க எறக்கிப் போட்டாத்தான் தொட்டலத் தொடுவேன். கருப்பன் நொம்பத் தாங்குவானுங்க."

ஸ்டெல்லாவுக்கு மூச்சு வந்தது. கூடவே எரிச்சலும்.

"கல்லுக்கு என்ன தெரியும், மருதாயி? கோபப்படறதே பாவம். எனக்கெல்லாம் வர்றதே இல்லை."

மருதாயி அவளையே பார்த்தாள். சிரிப்பு போயிருந்தது. கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"காலைல நீங்க கொண்டாந்து உடறப்பவே புள்ள முதுகுல அஞ்சு வெரலும் பதிஞ்சிருந்துதுங்க அம்மணி. உங்க மோதரத் தடங்கூட. எண்ணெ தேச்சு, சட்டயக் கழட்டாம வெச்சிருக்கறேன். பூவாயிக்குக்கூடத் தெரியாது."