திருப்பிச் சொல்லுங்க

நோயாளி பிரமாதமாக மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். ஒரு கை நெஞ்சில், ஒரு கை கட்டில் கம்பியில், கண்கள் மேல்கூரையில். இப்படியே போனால் நாலாவது நிமிடத்தில் உயில் எழுதக் காகிதம் கேட்பார் போலிருந்தது.

பதற ஒன்றுமில்லை. அவர் ஒரு நாடகக்காரர். நர்ஸிங் மாணவர்களின் செய்முறைத் தேர்வுக்கு ஆஸ்துமாக்காரராக நடிக்க அழைத்து வந்திருந்தார்கள். காலையிலிருந்து இருபத்திரண்டு பேருக்குத் திணறிக் காட்டியாயிற்று. இவன் இருபத்துமூன்றாவது.

இவனுக்கு இது மூன்றாவது முயற்சி. நான்காவது என்று ஒன்று விதிமுறையில் கிடையாது. அம்மாவோ, தெருவில் பாதிப் பேருக்கு ஊசி போடுவதாக மகன் சார்பில் இப்போதே வாக்குக் கொடுத்துவிட்டாள்.

தேர்வாளர் இவன் முதுகுக்குப் பின்னால், மூலை மேஜையில் இருந்தார். மாணவர்கள் வைத்த பெயர் ரேடியோ. திட்ட ஆரம்பித்தால் மூச்சு விடாமல் திட்டுவார். ரேடியோ திட்டினால் பாஸ், பேசாமல் இருந்தால் ஃபெயில் என்பது சீனியர்கள் பல வருடம் ஆராய்ந்து கண்ட உண்மை. காலையில் போனவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தார்கள். மதியத்துக்கு மேல் போனவர்களுக்கு ஆளுக்கு நாலு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை.

இவன் உள்ளே வந்தபோது ரேடியோ கண்ணில் இரண்டாம் வேளைச் சொட்டு மருந்தை விட்டு, புது சீசாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். வணக்கத்துக்குப் பதில் வரவில்லை. ஆரம்பி என்று கை மட்டும் அசைந்தது.

தேர்வின் விதிகள் கறாரானவை. மாணவன் நோயாளியைத்தான் பார்க்க வேண்டும், தேர்வாளரைத் திரும்பிப் பார்த்தால் மதிப்பெண் போகும். நோயாளியாக நடிப்பவரும் தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், அவர் தானாக வாயைத் திறந்தால் மாணவனின் தேர்வே ரத்து.

இவன் இன்ஹேலரை எடுத்தான். பயிற்சிக்கானது, உள்ளே மருந்து கிடையாது, வெறும் காற்று. குலுக்குவது, மூச்சை முழுக்க வெளியே விடுவது, உதட்டால் இறுக்கிப் பிடித்து அமுக்கும்போதே மெதுவாக உள்ளே இழுப்பது, பத்து எண்ணும்வரை அடக்குவது என்று எல்லாவற்றையும் செய்து காட்டினான். நீல இன்ஹேலர் திணறும்போது எடுக்க வேண்டியது. பழுப்பு நிறத்தது தினமும், திணறாவிட்டாலும். பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். நாடகக்காரர் பயபக்தியுடன் தலையாட்டிவிட்டு நீலத்தைத் தலைகீழாகப் பிடித்தார். அப்படிப் பிடிக்கச் சொல்லித்தான் அவருக்குக் கட்டளை.

விசில் சத்தம் மட்டும் அசலாக இருந்தது. மூச்சோடு சேர்ந்து மெல்லிசாக, நீளமாக ஒரு விசில். மனுஷன் எப்படித்தான் இதைப் பண்ணுகிறாரோ என்று இவன் வியந்தான்.

பின்னாலிருந்து "ம்... அடுத்து" என்றது ரேடியோ. அவ்வளவுதான். பேனா ஓடும் சத்தமும் நின்றுபோனது. திட்டுங்கள் மேடம், கொஞ்சமாவது திட்டுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினான்.

பட்டியலில் அடுத்த கேள்வி. "கண்ணுல அழுத்தம்னு ஏதாவது சொட்டு மருந்து விடுறீங்களா, ஐயா? அதுல சிலது ஆஸ்துமாக்காரங்களுக்கு ஆகாது. மூச்சுக் குழாயையே இறுக்கிடும்."

"நான் விடல," என்றார் நாடகக்காரர். அவர் பார்வை இவன் தோளைத் தாண்டிப் போய் நின்றது. அடுத்து நடிக்க வேண்டியதை மறந்துவிட்டார் என்று இவன் நினைத்தான்.

மேஜை ஒருமுறை கிறீச்சிட்டது. மதிப்பெண் தாளை மூடி வைத்திருப்பார். இவன் திரும்பாமலே, கடைசிப் பகுதிக்குப் போகலாமா என்று கேட்டான்.

"போ..." என்று வந்தது. வெகுநேரம் கழித்து, "...கலாம்."

ஒரே சொல்லை இரண்டாக உடைத்துத் தரும் அளவுக்கு வெறுப்பு. அம்மாவின் தெருவே இவன் கண்முன் வந்து போனது.

கடைசிப் பகுதி அபாய அறிகுறிகள். இதில் மட்டும் இவன் புலி. போவதுதான் போகிறோம், நன்றாகச் சொல்லிவிட்டே போவோம் என்று குரலைத் தாழ்த்தி நிதானமாகச் சொன்னான்.

"ஒரு வாக்கியத்த முழுசா பேச முடியாது, துண்டு துண்டா வரும். முன்னாடி குனிஞ்சு ரெண்டு கையையும் ஊனிக்குவாங்க. தோள் ஏறி ஏறி இறங்கும். உதடு நீலமாயிடும். கடைசியா அந்த விசில் சத்தம் நின்னுடும். சரியாயிடுச்சுன்னு நினைச்சிடாதீங்க. காத்து உள்ள போகவே இல்லன்னு அர்த்தம். அப்புறம் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது."

அறையில் விசில் நின்றிருந்தது. நாடகக்காரர் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

நர்ஸ் சொன்னது நோயாளிக்குப் புரிந்ததா என்பதற்கு ஒரே அத்தாட்சி, அவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்வதுதான். அதற்குத் தனியாக ஐந்து மதிப்பெண். இவன் அந்த வெறும் காற்று இன்ஹேலரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்டான்.

"எங்க, நான் சொன்ன அறிகுறிய ஒண்ணொண்ணா திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்."

நாடகக்காரர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தபடி விரல் மடக்கி எண்ணினார். ஐந்தாவது விரலில் நின்றார். பார்வை அந்த மூலையை விட்டு நகரவில்லை. குரலில் நடிப்பு துளியும் இல்லை.

"அஞ்சும் உங்க மேடத்துக்கு இருக்கு, தம்பி."