இரண்டாம் கோடு

ஸ்டூலை இழுத்துக் கீசருக்குக் கீழே போட்டான். ஈரத் தரையில் அதன் கால்கள் கீச்சிட்டன.

குளியலறை வாசலில் தெய்வானை நின்றிருந்தாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வருகிறவள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"நீதானே சூட்டக் கூட்டி வெச்ச?"



கூடத்தில் அப்பாவின் வலது காலை வாளிக்கு மேல் பிடித்துக்கொண்டு, அவன் மனைவி சுகந்தி பச்சைத் தண்ணீரை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தாள். புறங்காலில் தோல் வெள்ளையாக உப்பியிருந்தது.

"சுட்டது எனக்கு ஒண்ணுமே தெரியலியேம்மா," என்று மருமகளிடம் சொல்லிச் சிரித்தார் அப்பா.

அந்தச் சிரிப்புத்தான் அவனைக் கொதிக்க வைத்தது.

பதினாறு வருடச் சர்க்கரை. அந்தக் காலில் ஆணி ஏறினாலும் தெரியாது. போன ஆடியில் ஒரு விரலை எடுத்தாயிற்று. இன்னொரு புண் வந்தால் பாதம் மிஞ்சாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதற்காகத்தான் அந்த இரண்டாம் கோடு.

கீசரின் அடியில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு. சுற்றிலும் ஐந்து கோடுகள். இரண்டாவதன் மேல் ஒரு சிவப்புப் புள்ளி. தெய்வானை கொண்டுவந்த நகப்பூச்சு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே சொன்னாள். இந்த வீட்டில் வேறெந்தக் குழாயைத் திறந்தாலும் பச்சைத் தண்ணீரின் வேகம் செத்துவிடுகிறது. அப்போது வருவது வெறும் கீசர் தண்ணீர்தான்.

"அப்பவும் அய்யா காலு சுடக் கூடாதுங்க சார். அதுக்குத் தக்கன வெச்சுக் குடுங்க."

அவன்தான் வைத்துக் கொடுத்தான். புள்ளியையும் அவன்தான் வைத்தான்.

இன்று காலை அதேதான் நடந்தது. சுகந்தி சமையலறையில் குழாயைத் திறந்தாள். இங்கே பச்சைத் தண்ணீர் நின்றது.

சுட்டிருக்கக் கூடாது.

யாரோ கூட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. இன்னும் கொஞ்சம் சூடா ஊத்தும்மா என்று அப்பா தினமும் கேட்பார். கிழவரிடம் நல்ல பேர் வாங்கக் கூட்டியிருப்பாள்.

"காலு போச்சுன்னா நீ குடுப்பியா?"

"முழங்கையில பாத்துட்டுத்தானுங்க சார் ஊத்துனேன். பாதியில தண்ணி மாறிப்போச்சுங்க."

"கதை விடாத. பையை எடுத்துட்டுக் கெளம்பு. இனி எந்த வீட்டுலயும் உன்னய உள்ள விடாத மாதிரி நான் பண்றேன்."

"அந்தத் திருகு எனக்கு எட்டாதுங்க சார்."

சத்தம் போடாமல் சொன்னாள்.

"அதுக்குத்தான் ஸ்டூலு இருக்கே."

ஏறினான்.

திருகு ஐந்தில் நின்றது.

பாத்தியா என்று சொல்ல வாயைத் திறந்தான்.

திருகின் மேல் ஒரு கட்டைவிரல் தடம். எண்ணெய்த் தடம். அதில் எண்ணெய் போகத் தேய்க்கும் அரப்புத் தூள் பச்சையாக ஒட்டிக் காய்ந்திருந்தது.

நேற்று சனிக்கிழமை.

எண்ணெய் தேய்த்தால் அவனுக்கு வெந்நீர் சுள்ளென்று இருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவனுக்கு ஸ்டூல் தேவையில்லை. எக்கினால் கை எட்டும். கோட்டைக் கண்ணால் பார்க்கத்தான் ஸ்டூல்.

குளித்துவிட்டு அவன் திருகை இறக்கவில்லை. கோட்டைப் பார்க்கவில்லை.

மணிக்கட்டில் சுரீரென்றது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். திருகுக்குப் பக்கத்தில் உள்ள வால்விலிருந்து ஒரு சொட்டு. உள்ளே அழுத்தம் மிஞ்சினால் மட்டும் சொட்டுவது. இத்தனை மாதமாகக் காய்ந்து கிடந்தது.

கோபம் இறங்கவில்லை. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நெஞ்சிலேயே நின்றது.

"எதுல சார் இருக்குங்க?" என்றாள் கீழேயிருந்து.

கொடியில் அப்பாவின் துண்டு கிடந்தது. எட்டி எடுத்தான். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திருகைத் துடைத்தான். இன்னொரு முறையும் அழுத்தித் துடைத்தான். துடைக்கும்போதே திருகு இரண்டுக்குத் திரும்பிற்று.

"ரெண்டுலதான் இருக்கு."

கூடத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. நேற்று அவன் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள் சுகந்தி. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஊற்றத் தொடங்கினாள்.

அவன் இறங்கினான்.

தெய்வானை அண்ணாந்து சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள்.

பையை எடுக்கப் போகவில்லை. அவனைத் தாண்டி உள்ளே வந்தாள். குனிந்து வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்தாள். அப்பாவைக் குளிப்பாட்டும் மக்கு நிறைந்தது. ஆவி அவள் முகம் வரை எழுந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டாளே தவிர முகத்தைத் திருப்பவில்லை.

கைப்பிடியைப் பிடித்தபடி மக்கை அவனுக்கு நீட்டினாள்.

"ரெண்டுலதானுங்களே இருக்கு. கைய வைங்க சார்."

அவன் துண்டை மடிக்கத் தொடங்கினான். ஈரத் துண்டு. ஓரத்தோடு ஓரம் சேரவில்லை. உதறிவிட்டு மறுபடியும் மடித்தான்.

அவள் மக்கை இறக்கவில்லை.